சனிக்கிழமை உபவாசம்

திருத்தணியில் எனக்குப் பெரிய பக்திசாலி என்று பேர் வாங்கித் தந்தது ஒரு டம்ளர் டீ. அதுவும் நான் குடிக்காமல் விட்ட டீ. இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன.

அறுபதுகளின் கடைசியில் பெண்கள் பள்ளி ஆசிரியையாக அந்த ஊருக்குப் போனேன். வயது முப்பத்திரண்டு. நிச்சயமான கல்யாணம் நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி வாய் ஓயாத சொந்தக்காரர்களிடமிருந்து தப்பித்தால் போதும் என்று, தெற்கே எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் கிடைக்குமோ அவ்வளவு தூரம் கேட்டு வாங்கிய மாற்றல் அது. நெசவுக்காரர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. விடிந்தால் தறிச் சத்தம், பொழுது சாய்ந்தால் மலைமேலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு. இடையில் என்னோடு பேச ஆள் கிடையாது. என் தென்பாண்டிப் பேச்சைக் கேட்டு வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். சில நாள் அதைப் பார்த்தே அழுதிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்பது ஐம்பது முகம் பார்க்கலாம். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஓடு போட்ட சின்ன சர்ச். போதகர் அரக்கோணத்திலிருந்து மாசத்துக்கு ஒரு ஞாயிறு பாசஞ்சர் வண்டியில் வந்து போவார். கமிட்டியில் ஆண்கள் பேர் இருந்தது. வேலையில் பெண்கள் கை இருந்தது. பெருக்குவது, மணி அடிப்பது, பாய் விரிப்பது, பாட்டெடுப்பது, சீக்காளிகளைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர்கள்தான். பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு. ஒரே மெட்டில் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு என்று ஒரே சமயத்தில் பாடுவார்கள். யாரும் யாருக்காகவும் நிறுத்தமாட்டார்கள். முதல் வாரம் எனக்குத் தலைவலி வந்தது. பிற்பாடு வேறு ஊர் சர்ச்சுகளில் ஒரே மொழியில் பாடக் கேட்டபோது அது மொட்டையாகத் தோன்றியது.

அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைப்பார்கள். சனிக்கிழமை ஒருத்தி வீடு வீடாகப் போய் அதை ஒரே பையில் வாங்கிவருவாள். சம்பாதிக்க ஆளில்லாத வீடுகளுக்கு அது போகும். பிடியரிசி என்று பேர். எனக்குக் குடும்பம் குட்டி இல்லை, சனிக்கிழமை பள்ளிக்கூடமும் இல்லை. மாதர் சங்கத்தில் ஒரு மனதாகப் பையை என் தோளில் மாட்டிவிட்டார்கள். வெளியே முணுமுணுத்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு வீட்டிலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள் இல்லையா!

அப்படித்தான் நடந்தது, முதல் சனிக்கிழமை. தமிழ்க்காரர்கள் வீட்டில் புழுங்கலரிசி, தெலுங்குக்காரர்கள் வீட்டில் பச்சரிசி, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கேரளத்து நர்ஸ் வீட்டில் கொட்டை கொட்டையாகச் சிவப்பரிசி, இல்லாதவர்கள் வீட்டில் ரேஷன் அரிசி. இத்தனையும் ஒரே பையில் போனால் ஒரே பதத்தில் வேகுமா என்று கேட்டேன். வேகிறது வேகட்டும், வேகாததை மென்று தின்னட்டும் என்று சிரித்தார்கள். பதினோரு வீட்டில் காபியும் மோரும் குடித்து வயிறு தளும்பிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவது, ரயில்வே லைன் ஓரத்து வீடு. தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் ஒருவரின் மனைவி. தெலுங்குக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சர்ச்சைப் பெருக்கி மணி அடிப்பவர் அவர்தான். இப்போது அக்கா என்று எழுதுகிறேன். அப்போது எந்த முறையும் சொல்லி அழைத்ததில்லை, "இந்தாம்மா"தான். ஸ்டூலை முந்தானையால் துடைத்து எனக்குப் போட்டார். எனக்காகவே எங்கிருந்தோ பால் வாங்கி வைத்திருந்தார். டீயை ஆற்றி என் முன்னால் நீட்டினார்.

எனக்குக் கை எழவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் யார் எந்தப் பாயில் உட்காரவேண்டும் என்பது ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே முடிவாகிவிடும். அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பது எனக்கு முதல் ஞாயிறே தெரியும். அதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்ள எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர் கையால் போட்ட அரிசியைத் தோளில் சுமப்பேனாம், அவர் கையால் ஆற்றிய டீ மட்டும் தொண்டையில் இறங்காதாம். காபி மணம் வாயில் இருக்கும்போதே கூசாமல் சொன்னேன், சனிக்கிழமை எனக்கு உபவாசம் என்று. தண்ணீராவது குடிக்கலாமே என்றார். தண்ணீரும் கிடையாது, பொழுது சாயும்வரை என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதை வந்தது. டம்ளரை உடனே மறைவாக எடுத்து வைத்துவிட்டார்.

மறுநாள் சர்ச்சில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டார். காபி கொடுத்த பதினோரு வீட்டுக்காரிகளும் என்னைப் பார்த்தார்கள். நேற்று மத்தியானம்தான் தீர்மானம் எடுத்தேன், இனி எல்லாச் சனிக்கிழமையும் என்று சமாளித்தேன். பொய்க்குக் கால் முளைத்துவிட்டது.

அதன்பிறகு ஒரு வீட்டிலும் என்னை உள்ளே கூப்பிடவில்லை. உபவாசக்காரியைக் காபி வாசனையில் உட்காரவைத்தால் பாவம் என்று வாசலிலேயே அரிசியைப் போட்டு, கும்பிட்டு அனுப்பினார்கள். சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். ஒரு வாய் தண்ணீர் கேட்கமுடியாது. பேச ஆளில்லை என்று அழுதவள் பன்னிரண்டு வாசலையும் என் கையாலேயே சாத்திக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் என் அறைக் கதவைத் தாழிட்டு, தட்டுச் சத்தம் வெளியே கேட்காமல் ஒரு கட்டு கட்டிவிட்டுத்தான் போவேன். திரும்பி வந்து, மறுபடியும் தாழிட்டு, மறுபடியும் சாப்பிடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போதகர் வரும் ஞாயிறு நற்கருணை. எல்லோருக்கும் ஒரே கிண்ணம். கிண்ணம் அந்த அக்காவின் வாய்க்குப் போவதற்கு முன்னாலேயே நான் போய் முழங்காலிட்டுவிடுவேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கர்த்தர் கவனித்திருப்பார்.

இப்படி ஆறு வருஷம் ஓடிற்று.

ஏழாவது வருஷம் கோடையில் எனக்கு அம்மை போட்டது. வீட்டுக்கார அம்மாள் கதவில் வேப்பிலை செருகி, வாசற்படிக்கு உள்ளே மோரும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவாள். மாதர் சங்கத்திலிருந்து ஜெபிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். யாரும் வரவில்லை. அவர்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தன; தப்புச் சொல்லமுடியாது. நான்கு நாள் தறிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். இங்கேயே செத்தால் எத்தனை நாள் கழித்துக் கதவைத் திறப்பார்கள் என்று யோசித்தேன்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, காய்ச்சல் விட்டது. முதன்முதலாகப் பசித்தது. பசி என்றால், வயிற்றைப் பிடுங்குகிற பசி. எழுந்து மோரை எடுக்கக்கூடத் தெம்பில்லை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும், அந்த அக்கா மூடிபோட்ட தூக்கோடு உள்ளே வந்தார். தனக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டதாம், பயமில்லை என்றார். அன்று காலையில் எனக்குப் பதிலாக அவரே பையை எடுத்துக்கொண்டு பதினோரு வீடும் போய் வந்திருக்கிறார். டீச்சருக்குக் கஞ்சிக்கு என்று வீட்டுக்கு ஒரு பிடி கூடுதலாகக் கேட்டு வாங்கிக் காய்ச்சியிருக்கிறார். என் தலையைத் தூக்கித் தலையணையைச் சரிசெய்தார். வேர்வையைத் துடைத்தார். அவர் கை என் மேல் பட்டது அன்றுதான். அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை எப்படிச் சொல்ல?

தூக்கின் மூடியை லேசாகத் திறந்து பார்த்தார். கஞ்சி வாசனை அறை முழுக்க வந்தது. பிறகு வாசற்படியருகே ததும்ப இருந்த மோரைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடியை அழுத்தி மூடினார்.

"நோவுல கெடக்கறீங்க, இன்னிக்கி உபவாசம் வேணாம்னு சொல்லலாம்னுதான் வந்தேன். மோரக்கூட தொடல நீங்க. நான் யாரு அத கெடுக்கறதுக்கு? பொழுது சாயட்டும் டீச்சரம்மா, நான் இங்கயே இருக்கறேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறு வருஷமாக வாங்கிய நல்ல பேர் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பசியில் கண்ணீர் வழிந்ததை வலி என்று நினைத்து, அவர் வேப்பங்கொத்தால் விசிறினார்.

நான்கு மணிவாக்கில், நீங்களாவது ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"நானும் சாப்பிடறதில்ல சனிக்கெழம. நீங்க மொதமொத சொன்னீங்களே, அதுக்கு அடுத்த வாரத்துல இருந்து. ஊரு விட்டு ஊரு வந்து ஒண்டியா இருக்கறாங்க, உபவாசத்துலயாவது ஒருத்தி கூட இருக்கட்டும்னு. தேவுடுகிட்ட உங்களுக்காகக் கேட்டுகினுதான் பெருக்குவேன்."

சனிக்கிழமைதான் அவர் சர்ச் முழுவதையும் பெருக்கி, குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துக் கழுவும் நாள். பச்சைத் தண்ணீர் படாத வாயோடு அதைச் செய்திருக்கிறார். அதே நேரத்தில் நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். அன்று என்னை நானே அருவருத்ததைப்போல என் ஆயுளில் வேறு எதையும் அருவருத்ததில்லை.

மலைப்பாட்டு ஆரம்பித்தது. ஜன்னலில் வெளிச்சம் இறங்கியது. அக்கா வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, சின்னதாக ஒரு ஜெபம் பண்ணி, மூடியைத் திறந்தார். முதலில் எனக்கு ஊட்டினார். குழைந்ததும் குழையாததுமாகப் பலவீட்டு அரிசி. சிவப்பரிசி மட்டும் பல்லில் கடிபட்டது. இரண்டு வாய் விழுங்கினேன். மூன்றாவதுக்கு அவர் கரண்டியை எடுத்தபோது சொன்னேன்.

"அக்கா, நான் ஒரு சனிக்கிழமைகூட உபவாசம் இருந்ததில்ல. உங்க வீட்டு டீயக் குடிக்கக்கூடாதுன்னு அன்னைக்குச் சொன்ன பொய் அது."

கரண்டி பாதியில் நின்றது. ஏன் குடிக்கக்கூடாது என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியாத விஷயமா? கரண்டியைத் தூக்கில் திரும்ப வைத்தார். பிறகு கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"அப்போ ஆறு வருசமா நான் ஒருத்திதான் இருந்துகினு இருந்தனா, டீச்சரம்மா?"

அவர் மிச்சக் கஞ்சியையும் கடைசி வாய்வரை ஊட்டினார். தூக்கைக் கழுவினார், என் போர்வையை இழுத்து விட்டார், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனார். அவர் சாப்பிட்டாரா என்றுகூட நான் கேட்கவில்லை.

மறுவாரமும் அதற்கடுத்த வாரமும் அவர் என்னைப் பார்க்க வரவில்லை. யாரிடமும் இதைச் சொல்லவும் இல்லை என்பது, நான் எழுந்து சர்ச்சுக்குப் போனபோது மற்றப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையிலிருந்து தெரிந்தது. அந்த மரியாதை மாறவேயில்லை. அதைவிட அவர் ஊரைக் கூட்டித் திட்டியிருக்கலாம்.

அம்மைத் தழும்போடு மூன்றாவது சனிக்கிழமை பையை எடுத்தேன். வழக்கம்போல வாசலிலேயே அரிசியைப் போட்டார்கள். மூன்று மணிக்கு லைன் ஓரத்து வீட்டுக்கு வந்தேன். அக்கா தனிப்பானையைக் கொண்டுவந்து பையில் கவிழ்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. நானே குனிந்து உள்ளே போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு டீ போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன்.

"அடுப்பு பத்த வெக்கல," என்றார். "சனிக்கெழம இல்ல? எனக்கு உபவாசம்."

இனி யாருக்காக என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

"பொழுது சாயட்டும் அக்கா. காத்துகினு இருக்கேன்" என்றேன்.

என் வாயில் அவர்கள் பேச்சு வந்ததற்குக்கூட அவர் சிரிக்கவில்லை. மெய்யாகத்தான் சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்த்தார். பார்க்கட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது. பொழுது சாய இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. அவர் அரிசிப் பையை வாங்கி மூலையில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நானும் ஸ்டூலை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.