பால் உறையாத அசிட்

செர்டாங்கில் அக்கா வீட்டின் பின்புறம் இரண்டு பாத்தி பூண்டு. எங்கள் வெயிலில் பூண்டு திரண்டு முற்றாது, தழைக்காகத்தான் போட்டிருந்தார். டவுனில் மீ என்கிற நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, தவுக்கே, வாரம் இருமுறை தழை எடுப்பார். போன மாதம் நுனிகள் மஞ்சளாகின. இன்னொரு முறை இப்படி வந்தால் பசாரிலேயே வாங்கிக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பதை விட்டபின் அக்காவுக்கு இருந்த ஒரே வேலை அது.

உரக்கடையில் கேட்டு ஒரு போத்தல் வாங்கி வந்தேன். இலையில் தெளிப்பது. மேலே மலாயில் 'அசிட் அமினோ', அதாவது அமினோ அமிலம், என்றிருந்தது. எதிலிருந்து எடுத்தது, யார் தயாரித்தது, பத்திரிகையில் வேலை பார்த்த நான் தேடியும் எதுவும் இல்லை. மூடியைத் திறந்தால் கருவாட்டு நாற்றம். என் சந்தேகம் அங்கே தொடங்கியது. அக்காவுக்கு முதல் சொல்லிலேயே.

"அசிட்டா? எல கருகிப் போயிரும் தம்பி. முப்பது வருசம் பால்ல ஊத்துனவ, எனக்குத் தெரியாதா?"

தோட்டத்தில் அசிட் என்றால் ரப்பர் பாலை உறைய வைப்பது. வேறு பொருளே கிடையாது. இது புரதத்தை உடைத்து எடுப்பது, செடிக்கு ஊட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்டும் பெண்ணிடம் மங்குக் கிண்ணத்தில் ரப்பர் பால் வாங்கி வந்தார். அதில் இரண்டு மூடி மருந்தை ஊற்றி, குச்சியால் கலக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பால் பாலாகவே இருந்தது.

நிம்மதி அடைவார் என்று நினைத்தேன்.

"பாத்தியா? இது அசிட்டே இல்ல லா. தண்ணியக் குடுத்து ஒன்னய ஏமாத்திட்டான். நீயெல்லாம் பேப்பர்ல வேல பாத்தவனாம்!"

கடைசியில், ஒரு பாத்திக்கு மட்டும் தெளித்து மற்றதை அப்படியே விட்டுப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். இரண்டு பாத்தியிலும் புதுத் தழை பச்சையாக நின்றது. இடையில் மழை பெய்திருந்தது. மழைதான் காரணம் என்று முடிவுக்கு வந்த நேரத்தில் பாதிக்குமேல் காலியான போத்தல் கண்ணில் பட்டது. ஒரு பாத்திக்கு அவ்வளவு குறைந்திருக்காது.

"ரெண்டுக்கும் அடிச்சிட்டீங்களாக்கா?"

"ஒண்ணுக்கு ஊட்டிட்டு ஒண்ணப் பட்டினி போடச் சொல்றியா?"

"தண்ணின்னு சொன்னீங்களே?"

"தண்ணிதானே? ஊத்துனா என்ன?"

அன்று தவுக்கே ஒரு கட்டுத் தழையை முகர்ந்து பார்த்தார், பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். மருந்தா மழையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அக்கா மூன்றாவது பாத்திக்கு மண் கொத்தத் தொடங்கியிருந்தார்.