வாத்து றெக்கையும் வீட்டுக்காரரின் அண்ணனும்

என் வீட்டுக்காரரின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. சொல்வதில் ஒரு தயக்கமும் இல்லை. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரே தென்னந்தோப்புக்குள் அவர் வீடும் எங்கள் வீடும் இருக்கின்றன. நடுவில் அவருடைய பிராய்லர் கோழிப் பண்ணை. நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். வாய் நிறைய மரியாதை. மனதுக்குள் திட்டியதை எழுதினால் காகிதம் கருகிவிடும்.

எல்லாம் இரண்டு வாத்துக் குஞ்சுகளால் வந்தது. மகள் கல்யாணமாகிப் போனபிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று என் தங்கை கொண்டுவந்து கொடுத்தாள். மஞ்சள் பஞ்சாக இரண்டு. ஒன்று கொஞ்சம் பெரியது, ஒன்று சின்னது. நான் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்கும். வீட்டுக்காரர்கூட அப்படிக் கேட்டதில்லை.

கோழிப் பண்ணைக்காரருக்கு ஒரு புத்தி உண்டு. உயிரோடு எதைக் கண்டாலும் எடை பார்க்கத் தோன்றும். மாமா காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து, குஞ்சைத் தூக்கி உள்ளங்கையில் கனம் பார்ப்பார். இளைத்துக் கிடக்கிறதே என்று உச்சுக் கொட்டுவார். பிறகு பண்ணையிலிருந்து பிராய்லர் தீவனத்தைக் கொண்டுவந்து தட்டு வழியக் கொட்டுவார். வெளிச்சம் இருந்தால்தான் கோழி ராத்திரியும் தின்னும் என்று பண்ணையில் விளக்குப் போட்டு வைப்பார்கள். அதே வேலையை என் வாத்துக் கூண்டிலும் செய்தார், ஒரு பல்பைத் தொங்கவிட்டு. நான் ஆசைக்கு வளர்க்கிறேன், கறிக்கு இல்லை என்றேன். ஆசைக்கு என்றாலும் நம் தோப்புப் பறவை நோஞ்சானாக இருந்தால் யாருக்குக் கேவலம் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணன் பேசினால் அவருக்குக் காது கேட்காது.

பெரியது மூக்குமுட்டத் தின்றது, சின்னதைத் தட்டுக்கு அருகிலேயே விடாது. நாளுக்கு நாள் ஊதியது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தூக்கிக் காட்டினார்.

அப்புறம் ஒரு நாள் பெரியதைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். இடது றெக்கையின் நுனி மட்டும் உடம்போடு ஒட்டாமல் வெளிப்பக்கம் திரும்பி நின்றது, கழன்ற சட்டைக் கை மாதிரி. புதிதாக முளைத்த இறகுக் குருத்துகள் நீலம் பாரித்து, கனத்துத் தொங்கின. மடித்துவிட்டால் மடிந்தது, கையை எடுத்தால் திரும்பிக்கொண்டது. சின்னதின் றெக்கை ஒழுங்காக இருந்தது.

ஒரு கூடையில் வைத்துக் கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கால்நடை டாக்டர் பார்த்ததுமே என்ன தீனி என்றுதான் கேட்டார். சத்து மிகுந்த தீனியால் இறகு வேகமாக வளர்ந்துவிடுகிறது, அந்தக் கனத்தை இளம் மூட்டு தாங்க முடியாமல் திருகிக்கொள்கிறது என்றார். இது தொற்றும் நோவு இல்லை. றெக்கையை அது இயல்பாக மடிக்கிற மாதிரியே மடித்து, மெல்லிய கட்டுத்துணியால் றெக்கையை மட்டும் சுற்ற வேண்டும், இறுக்கக் கூடாது. தினமும் அவிழ்த்துச் சிறிது நேரம் விரிக்கவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். பிராய்லர் தீவனத்தை நிறுத்தி, தவிடும் கீரையும் போட்டு நன்றாக நடக்கவிட வேண்டும். இப்போது செய்தால் நேராகும், எலும்பு முற்றிவிட்டால் ஆயுசுக்கும் இப்படித்தான் என்றார்.

நான் பல்பைக் கழற்றினேன், தீவனத்தை வாரி வெளியே கொட்டினேன், கட்டுப் போட்டேன். அது கத்தியது, என் விரலைக் கொத்தியது. மாமா வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"வாத்துக்கு றெக்கை எதுக்குங்க அம்மணி? சென்னைக்குப் பறந்து போகப் போவுதா?"

தோப்புக்குள் தெருநாய்கள் நுழைகின்றன, நாய் துரத்தினால் றெக்கையடித்துத் தப்ப வேண்டாமா, இழுபட்டு இழுபட்டுப் புண்ணாகாதா என்று கேட்டேன். அதற்கு அவர், பண்ணைக்குக் குஞ்சு கொடுத்து வளர்க்கச் சொல்லும் கோழிக் கம்பெனி ஆட்கள் கட்டுப் போட்ட வாத்தைப் பார்த்தால் நோவு என்று சொல்லித் தனக்குக் குஞ்சு இறக்க மாட்டார்கள் என்றார். தீனியைக் கொட்டிக் கோணலாக்கியது அவர், இப்போது நோவு என்கிற பேர் மட்டும் வாத்துக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

றெக்கை கொஞ்சம் கொஞ்சமாகப் படியத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத் தாராபுரத்தில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போகாமல் முடியாது. எப்படி மடிக்க வேண்டும், எப்படிச் சுற்ற வேண்டும் என்று வீட்டுக்காரருக்குச் செய்து காட்டிவிட்டுப் போனேன். போனில் கேட்கும்போதெல்லாம் எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்றார்.

திரும்பி வந்து பார்த்தால் கட்டைக் காணோம். தட்டில் பிராய்லர் தீவனம். பகலிலேயே பல்பு எரிந்துகொண்டிருந்தது. றெக்கை முன்னைவிட மோசமாக நீட்டிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர், அண்ணன் வந்தார் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நேராகப் பண்ணைக்குப் போனேன். மாமா சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார்.

"கட்டோட கெடந்து பசில கத்துச்சுங்க அம்மணி. மனசு கேக்கல, அவுத்துப்போட்டேன்."

"உங்க மனசு கேக்கலைன்னு அதோட றெக்கையப் பாழாக்கிப் போட்டீங்க மாமா. உங்களுக்கு உசுரு தெரியாது, கனந்தான் தெரியும்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் சாக்கைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் அழுதிருப்பேன், அவர் முன்னால் அழக்கூடாது என்று வந்துவிட்டேன்.

மறுபடி கட்டிப் பார்த்தேன், பிடிவாதமாகக் கட்டினேன். கட்டை அவிழ்த்தால் அடுத்த நொடி றெக்கை வெளியே வந்து நின்றது. டாக்டரிடம் திரும்பக் கொண்டுபோனேன். அவர் விரலால் மடித்து, விட்டு, தலையை ஆட்டினார். எலும்பு முற்றிவிட்டது, இனிக் கட்டிப் புண்ணாக்க வேண்டாம் என்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை கூடையை மடியில் வைத்துக்கொண்டு மாமாவைச் சபித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் காலை கீரையை நறுக்கிக்கொண்டு கூண்டைத் திறந்தேன். பெரியது என்னைக் கண்டதும் மூலைக்கு ஓடி முதுகைக் காட்டி நின்றது. மடக்கிப் பிடித்து, கத்தக் கத்தக் கட்டுப் போட்டவள் நான்தானே. வெளியே மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், என் காலைத் தாண்டிக்கொண்டு, கோணல் றெக்கையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு, அவரிடம் ஓடியது. அவர் குனிந்து இரு கையாலும் தூக்கிக் கனம் பார்த்தார். அது கழுத்தை அவர் கையில் சாய்த்துக்கொண்டது.

"பாருங்க அம்மணி," என்றார், "நல்லாத்தானுங்க இருக்குது."