கூடத்துப் படத்தில் இருந்த மணப்பெண்

அம்மா இறந்த பிறகுதான் அவளுக்கென்று தனியாக ஒரு நல்ல படம்கூட இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. ஆதார் அட்டையில் இருந்த முகம் யாரோ போல இருந்தது. உறவுக்காரர் கல்யாணங்களில் எடுத்த படங்களில் யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி மறைந்து நின்றாள். கேமராவைக் கண்டாலே ஏதோ வேலை இருப்பதுபோல அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"கூடத்துல இருக்கற கல்யாணப் போட்டோவையே பெருசு பண்ணிடலாம்மா. அம்மாவை மட்டும் தனியாப் பிரிச்சுத் தருவாங்க," என்றார் அண்ணன்.

அந்தப் படம் எங்கள் தென்னூர் வீட்டுக் கூடத்தில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மாட்டியிருப்பது. அப்பாவும் மணப்பெண்ணும் அருகருகே நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். கனத்த மாலை, நெற்றிச்சுட்டி, குனிந்த தலை. ஈரம் ஏறி மணப்பெண்ணின் முகம் வெளிறிப்போயிருந்தது. சின்ன வயதில் அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு ஒல்லியாவாம்மா இருந்தே?" என்று கேட்டிருக்கிறேன். "அப்பல்லாம் எல்லாரும் ஒல்லிதான்," என்பாள் அம்மா.

படத்தைக் கழற்றி, பக்கத்துத் தெரு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் அதை ஸ்கேன் செய்து, திரையில் பெரிதாக்கிப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கைப்பிடியில் மணப்பெண்ணின் இடது கை இருந்தது. ஐந்து விரல்களும் நேராக இருந்தன.

அம்மாவின் இடது சுண்டுவிரல் கோணல். ஸ்கூலில் படித்தபோது தொட்டியத்தில் அவள் பிறந்த வீட்டுக் கிணற்று ராட்டினத்தில் மாட்டி ஒடிந்தது. நான் நடைபழகியதே அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பிடித்திருந்ததும் அதைத்தான்.

"முகத்தைக் கொஞ்சம் காட்டுங்க," என்றேன். அவர் படத்தை நகர்த்தினார். கறையைத் துடைத்த முகத்தில், முகவாயின் நடுவே சின்னதாக ஒரு குழி தெரிந்தது. அம்மாவுக்கு அது கிடையாது. அப்பாவுக்கும் எனக்கும் கிடையாது. எங்கள் வீட்டில் அது அண்ணனுக்கு மட்டும்தான்.

இப்போது எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிப் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவின் பீரோவைத் திறந்தேன். அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் படம் ஒன்று புடவைகளுக்கு அடியில் இருக்கும். தாத்தா, அவர் மடியில் மாமா, பின்னால் பாவாடை சட்டையில் இரண்டு பெண்கள். எங்களுக்கு ஒரு பெரியம்மா இருந்தார், கல்யாண வயதில் காய்ச்சலில் போய்விட்டார் என்று கேட்டிருக்கிறோம். அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. போனில் அந்தப் படத்தை எடுத்து விரித்துப் பார்த்தேன். குட்டையான பெண்ணின் சுண்டுவிரல் வளைந்திருந்தது. உயரமான பெண்ணின் முகவாயில் அந்தக் குழி.

அண்ணன் அப்போது ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டில், அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவர் என்ற முறையில் காரியங்களை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? தவறாகப் பார்த்திருந்தால்? கேட்டுத் தெளிய அப்பாவும் இல்லை, அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறித் தொட்டியம் போனேன்.

மாமா வாழைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அக்காவைப் பறிகொடுத்ததில் அவரும் இளைத்துப்போயிருந்தார். பெரிது பண்ண அம்மாவின் பழைய படம் ஏதாவது வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கித் தந்துவிட்டு, கை கால் கழுவப் போனார்.

பெட்டியில் ஒரு படம் கிடந்தது. சமயபுரம் கோயில் வாசல். மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிய குழந்தை. அது அண்ணன்தான். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பது அம்மா. தாவணி போட்டிருந்தாள். கழுத்தில் ஒரு பாசிமணி மட்டும். தாலி இல்லை.

மாமா வந்தபோது அந்தப் படம் என் கையில் இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கல்யாணப் போட்டோவுல இருக்கறது பெரியம்மாதானே மாமா?"

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா," என்றார். "பிள்ளை கைக்குழந்தையா இருக்கறப்பவே போயிட்டா. என்ன காய்ச்சல்னு எனக்குத் தெரியாது. நான் சின்னப் பையன். தூக்கிட்டுப் போனப்ப உங்கம்மா இவனை இடுப்பில வச்சிக்கிட்டு வாசல்ல நின்னது மட்டும் ஞாபகம் இருக்கு. அப்புறம் அவ அவனைக் கீழ இறக்கவே இல்ல. பெரியவங்க பேசி உங்கப்பாவுக்கே கட்டி வச்சாங்க."

"அந்தக் கல்யாணத்துல போட்டோ எடுக்கலையா?"

"கோயில்ல வச்சுத் தாலி கட்டினதுதான். ஒரு போட்டோ எடுத்துக்கலாமான்னு உங்கப்பா கேட்டாரு. அதான் வீட்டுல ஒண்ணு இருக்கே, அதுவே போதும்னுட்டா."

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பின்கட்டுக்குப் போய் நின்றேன். தன்னுடையது இல்லாத கல்யாணப் படத்தின் கீழே ஆயுசு முழுக்கக் கூட்டிப் பெருக்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் அதன் கண்ணாடியைத் துடைத்து, மணப்பெண்ணின் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்திருக்கிறாள். தன் படத்துக்கே பொட்டு வைத்துக்கொள்கிறாள் என்று அப்பாவும் நானும் கேலி பேசுவோம். இல்லை, அப்பா ஒருநாளும் கேலி பேசியதில்லை. நானும் அண்ணனும்தான்.

மாமா பின்னாலேயே வந்தார். "சித்திங்கற சொல்லு அவன் காதுல விழக் கூடாதுன்னு சொல்லியிருந்தா. எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினா. இப்ப அவளே போயிட்டா. இனிமே சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

இஷ்டம் என்று விட்டுவிட முடியவில்லை. அண்ணனுக்குப் பெற்றவள் ஒருத்தி இருந்து, அவளுக்காக அவர் ஒரு கை எள்ளும் தண்ணீரும் விட்டதில்லை என்று தெரிந்த பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு சாயங்காலம் மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன்.

அண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் விரலைக் காட்டினேன், முகவாயைக் காட்டினேன், தாவணியைக் காட்டினேன். மாமா சொன்னதைச் சொன்னேன். அவர் கை தானாகத் தன் முகவாயைத் தடவியது.

"இவங்க பேரு என்ன?" என்றார் கடைசியில்.

சொன்னேன். மாமாவிடம் கேட்டு வந்த பெயர். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது அவர் மகளின் பெயர். பெங்களூரில் வேலை பார்க்கிற அவளைத் தொட்டிலில் போட்ட அன்று, வேறு எதையும் காதில் வாங்காமல், இதுதான் பெயர் என்று பிடிவாதமாக நின்றவள் அம்மா. பழைய காலத்துப் பேராக இருக்கிறதே என்று அண்ணி முகம் சுளித்தது எனக்கு நினைவிருக்கிறது.

"தினமும் கூப்பிட்டிருக்கேன்," என்றார் அண்ணன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இருட்டிவிட்டது. நான் கிளம்பும்போது, "அம்மா இருக்கறப்பவே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார்.

"தெரிஞ்சு என்ன பண்ணியிருப்பீங்கண்ணே?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். உக்கார வச்சு ஒரு போட்டோ எடுத்திருப்பேன்."

சமயபுரத்துப் படத்தைத்தான் பிறகு பெரிது பண்ணினோம். குழந்தையைத் தனியாக வெட்டிவிடலாமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். வேண்டாம் என்றோம்.

அடுத்த அமாவாசைக்கு அண்ணனோடு நானும் ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரையில் இருக்கும் அம்மா மண்டபம் போனேன். படித்துறையில் நல்ல கூட்டம். காவிரியில் தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. ஐயர் தர்ப்பையைக் கையில் கொடுத்து, அப்பா பெயரைக் கேட்டார். பிறகு, "தாயார் பேர் சொல்லுங்கோ," என்றார்.

அண்ணன் பெரியம்மாவின் பெயரைச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் விட்டார்.

"இன்னொருத்தர் இருக்காங்க," என்றார்.

"சொல்லுங்கோ."

அண்ணன் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் அவசரப்படுத்தவில்லை. ஈரப்படியில் அண்ணனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அம்மாவின் பெயரை நான் சொன்னேன்.