பத்தரைக்குள் நின்ற வாசக்கால்

பட்டுக்கோட்டையில நாங்க கட்டுற வீட்டுக்கு இன்னைக்கு, வெள்ளிக்கிழமை காலையில, வாசக்கால் வச்சோம்.

நாங்க கிறிஸ்தவங்க. ராகு காலமெல்லாம் பாக்க மாட்டோம். ஆனா வெள்ளிக்கிழமைன்னா பத்தரைக்குள்ள ஜெபம் முடிஞ்சிடணும்னு மாமியார் சொல்லுவாங்க. ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்.

கார்பென்டர் செல்வம் அண்ணன் வாசக்காலை நிறுத்திட்டு, மேல் மூலையில 'எல்' வடிவ மூலைமட்டத்தை வச்சுப் பாத்தார். ஒரு பக்கம் விரல் நுழையிற அளவுக்கு இடைவெளி.

"அண்ணே, கோணலா இருக்கே?"

"அதெல்லாம் நார்மல்தாங்க டீச்சர்."

நான் இங்கிலீஷ் டீச்சர். வாய் சும்மா இருக்குமா?

"நார்மல்ங்கிற வார்த்தையே உங்க கையில இருக்கிற அந்த மூலைமட்டத்துலேருந்து வந்ததுதாண்ணே. லத்தீன்ல அதுக்கு நார்மான்னு பேரு. அதுல வச்சுப் பாத்து நேரா இருந்தாதான் நார்மல்."

அவர் மூலைமட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். இத்தனை வருஷம் கூடவே இருந்தது இவ்வளவு படிச்சதான்னு நினைச்சிருப்பார்.

"அப்ப கழட்டிட்டு நேரா வச்சிடட்டுங்களா? அரை மணி நேரம் ஆகும்."

மணி பத்தேகால்.

நான் மாமியாரைப் பாத்தேன். மாமியார், ஜெபம் பண்ண வந்திருந்த பாஸ்டரைப் பாத்தாங்க. பாஸ்டர் வாட்சைப் பாத்தார். "ஜெபிப்போமா?"ன்னு கண்ணை மூடிட்டார்.

முதல்ல "ஆமென்" சொன்னது நான்தான்.

உங்க வீட்டு வாசக்கால் எப்படி? நேரா இருக்கா, இல்ல பத்தரைக்குள்ள வச்சதா?