மிதக்கிற எதையும் வீசாதவர்

ஆரஞ்சுப் பழத்தை உரித்து, தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார் கிளெம் ஹாரிகன். கை நீட்டினால் கடல். பக்கத்துப் படகு ரெஜ் மீன் குடலை அதில்தான் கொட்டுகிறான். கிளெம் ஒரு தீக்குச்சியைக்கூடப் போடமாட்டார். ஆஸ்திரேலியாவின் பிரீமாண்டில் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் டீசல் எஞ்சினைப் பழுது பார்க்கிறவர், வயது அறுபத்தைந்து. அவருடைய சட்டையைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் மனைவி டோரீன் தலையில் அடித்துக்கொள்வாள்.

போர்க்காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஜப்பானியர் கையிலிருந்த கடலுக்குள், ஒரு பழைய மீன்பிடிப் படகில் எட்டுப் பேர் ரகசியமாகப் போனார்கள். உள்ளூர் மீனவர் வேஷம்: மேலே எதிரிக் கொடி, உடம்பெல்லாம் பழுப்புச் சாயம், இடுப்பில் கைலி. கிளெம் எஞ்சின்காரர். காலி டின்னை ஓட்டை போட்டு அமிழ்த்த வேண்டும். மிதக்கிற எதுவும் தண்ணீரில் விழக் கூடாது. ஒருவன் மறதியாக ஆஸ்திரேலிய சிகரெட் பெட்டி ஒன்றை விட்டெறிந்துவிட்டான். பட்டப்பகலில், எதிரி விமானம் சுற்றுகிற இடத்தில், படகைத் திருப்பிக்கொண்டுபோய்த் தேடினார்கள். கண்ணில் பட்டதும் கொக்கி போட்டு இழுத்தது கிளெம்தான்.

"அன்னிக்குப் பயந்த மாதிரி நான் என்னிக்கும் பயந்ததே இல்ல," என்கிறார் இப்போதும்.

வெளியே மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு. முப்பது வருடம் மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. அனுமதி வந்தபின் சொன்னபோது டோரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுக்குத்தானா? ஒரு கிறுக்கனக் கட்டிக்கிட்டோமேன்னுல்ல இவ்வளவு நாளா நெனச்சிட்டிருந்தேன்."

போன கோடையில் அவள் போய்விட்டாள். சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும், மேலே கொல்லைச் செம்பருத்தி மிதக்க வேண்டும் என்பது அவள் ஆசை. டப்பா மாதக்கணக்கில் சமையலறை அலமாரியிலேயே இருந்தது.

"அம்மா கேட்டது இது ஒண்ணுதானேப்பா," என்றாள் மகள் லினெட்.

"சாம்பல் சரிம்மா. பூ மிதக்குமே. வந்த வழியக் காட்டிக் குடுத்துருமே."

ரெஜ் விடவில்லை. "சண்டை முடிஞ்சு முப்பத்தாறு வருஷமாச்சு, பெருசு. இப்ப எவன் வந்து உன்னப் பிடிக்கப் போறான்?"

"தெரியும்டா. தெரிஞ்சு என்ன பண்ண?" என்று ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பூவுக்குப் பயப்படுவதை எந்த வாயால் சொல்வது? ஆனால் அவள் கேட்டதைச் செய்யாமலே செத்துப்போவோமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை படகை எடுத்தார்.

கரை மறைந்ததும் லினெட் எஞ்சினை மெதுவாக்கினாள். கிளெம் டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித் திறந்தார். சாம்பல் சத்தமில்லாமல் கீழே இறங்கியது. அழுதார்.

பிறகு மடியிலிருந்த பையிலிருந்து ஒரு செம்பருத்தியை எடுத்துப் போட்டார். போட்ட வேகத்திலேயே வலக்கை அதைத் திரும்ப எடுக்கப் பாய்ந்தது. முழங்கைவரை சட்டை நனைந்துவிட்டது. லினெட் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மடிக்கு இழுத்துக்கொண்டார். பூ எட்டாத தூரம் போகும்வரை பிடியை விடவில்லை. அப்புறம் அடுத்த பூவை எடுத்தார்.