என் கிணற்றுத் தண்ணீரும் மரியதாஸின் காரும்

செய்தி வந்தபோது நான் மரியதாஸின் காருக்கு முன்னால்தான் நின்றிருந்தேன். எஞ்சினை அப்போதுதான் நிறுத்தியிருந்தேன். உள்ளே அந்தத் தட்டல் தொடங்கியது. பூட்டிய அறைக்குள் அகப்பட்ட ஒருவர் விரலை மடக்கித் தட்டுவது போல, விட்டு விட்டு. அது ஓய்ந்ததும் கைபேசி அடித்தது. குருநகரிலிருந்து அவருடைய மகள் றெஜினா.

"மாமா, அப்பா எங்களை விட்டுட்டுப் போட்டார். இப்பதான்."

அவரைத் தெரிந்தவர்களுக்காக நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி பிறகு அவளே கேட்டாள். எனக்கு உள்ளதை எழுதத்தான் தெரியும். மானிப்பாயில் கார் திருத்தும் ஒரே கராச்சில் தலை நரைக்கும்வரை அவரோடு வேலை செய்தவன் நான். இந்தத் தொழிலை எந்தப் பள்ளியிலும் படித்தவன் அல்ல. அதனாலோ என்னவோ, நான் சொன்ன எதையும் அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

குருநகரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆகவே பண்டத்தரிப்பில் என் வீட்டுக் கிணற்றின்மேல் அவருக்குத் தனிப் பக்தி. ஞாயிறு பூசை முடிந்ததும் தண்ணீர்க் கான்களோடு வந்து இறங்குவார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று காரின் றேடியேற்றருக்கு. எங்கள் பக்கத் தண்ணீர் நாக்குக்கு இனிக்கும், ஆனால் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது, கொதித்தால் இரும்பில் வெள்ளையாய்ப் படியும், காருக்கு மழைத் தண்ணீரை ஊற்று என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வற்றியது.

"நான் குடிக்கிற தண்ணி என்ரை காருக்குக் கூடாதோ, அண்ணை?"

"உன்ரை வயித்துக்கை நெருப்பு எரியேல்லையடா."

"உங்களோடை கதைச்சா எரியுது."

அவர் நோயில் விழுந்த காலத்தில்தான் கார் தட்டத் தொடங்கியது. ஓடும்போது ஒன்றுமில்லை, நிறுத்தினால் தட்டும். அவருடைய மனைவி திரேசம்மா அதில் ஏறுவதை விட்டுவிட்டார். "ஆரோ இவரைக் கூப்பிடுறாங்கள், அண்ணை" என்றார். மரியதாஸ் சிரித்தார். "கூப்பிடுறவன் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும்." ஆனாலும் காரை என்னிடம் விட்டுப் போனார். "உள்ளை காத்து நிக்குது. அதை வெளியிலை விட்டாச் சரி. திரேசாவின்ரை பயத்தைப் போக்கினாக் காணும்." படிந்த கல்தான் என்றேன். கேட்கவில்லை. காற்றையும் எடுத்துப் பார்த்தேன். களகளவென்ற சத்தம் மட்டும் போனது. தட்டல் போகவில்லை.

அவர் போன மறுநாள் பிற்பகல் அடக்கம். திரேசம்மாவுக்கு நடக்க ஏலாது. தன் காரிலேயே அவரைக் கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது மரியதாஸின் விருப்பம். திரேசம்மாவோ, "அந்தச் சத்தம் கேட்டா நான் ஏறமாட்டன்" என்று சொல்லிவிட்டார்.

வோட்டர் பம்பைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அதில் பிழையில்லை. றேடியேற்றர்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன், பால் போல வந்தது. கல் கரைய, புளித்த வினாகிரி கலந்த தண்ணீர் விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டுத் திறந்தேன். திரும்பத் திரும்பச் செய்தேன். வெள்ளைத் தகடுகள் விழுந்தன. சில, பல்லைப் போல இருந்தன. என் கிணற்றுக் கல் அவருடைய காருக்குள் வளர்ந்திருந்தது. எஞ்சின் நின்றபின் அந்தக் கல்லின் இடுக்குகளில் அகப்பட்ட தண்ணீர் கொதித்துத்தான் தட்டியிருக்கிறது. கழுவி, மழைத் தண்ணீர் விட்டு, ஓடவிட்டு நிறுத்தினேன். சத்தமில்லை. நான் சொன்னதுதான் சரி. ஆனால் அதைச் சொல்லிக் காட்ட ஆள் இல்லை.

கோவில் வாசலில் காரை நிறுத்தினேன். திரேசம்மா இறங்கவில்லை. கதவைப் பிடித்தபடி காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தட்டேல்லை."

"ஓம் தங்கச்சி, கல்லுத்தான். எடுத்திட்டன்."

"கொஞ்சம் பொறுங்கோ, அண்ணை."

பொறுத்தோம். வாசலில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து, "அப்ப, அவர் போட்டார்தான்" என்று சொல்லி இறங்கினார்.

என் வீட்டுக் கேத்திலுக்குள்ளும் அதே கல் படிந்திருக்கிறது. அதை மட்டும் சுரண்டாமல் வைத்திருக்கிறேன். பின்னேரத் தேத்தண்ணிக்குக் கொதிக்கவைத்து இறக்கினால், அடுப்பை விட்டு எடுத்த பிறகும் உள்ளே தட்டுகிறது. சில நாட்களில், கை வைத்துப் பார்த்தால் ஆறியிருக்கும். அப்போதும் தட்டுகிறது.

"காத்தில்லையடா, கல்லு" என்கிறேன்.

அவர் ஒப்புக்கொள்வதாய் இல்லை.