வரிசை எண் ஏழு: சைக்கிள், பாதி

20.04.2023 அன்று நடந்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தின் குறிப்பேட்டில், 63ஆம் பக்கத்தில், ‘உரிமையாளர் தாமே பழுதுபார்த்த பழைய வண்டியில், அவர் சரியாகப் பொருத்தாத பெடல் கழன்றதால் விபத்து நேர்ந்தது, சங்கத்துக்கு இதில் பொறுப்பில்லை’ என்று செயலாளர் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். இந்த வாக்கியம் ஒரு பொய்யின் மேல் நிற்கிறது என்பது என் முதல் குற்றச்சாட்டு. கைத்தொழிலால் வாழ்ந்த ஒருவனுக்குத் தன் கைகளின் மேலிருந்த நம்பிக்கையை இது அழித்துவிட்டது என்பது இரண்டாவது.

அந்தக் கூட்டத்தில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், “யாரு, அந்த அரைவண்டியா?” என்று கேட்டார். நாலைந்து பேர் சிரித்தீர்கள். பதினோரு ஆண்டுகளாக உங்களோடு ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குபவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான். ஆகவே அவன் யார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவன் என் தம்பி. வயது முப்பத்தெட்டு. லிஃப்ட் மெக்கானிக். நான் அவனைவிட ஆறு வயது மூத்தவள். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் கிழிந்த விரிப்புகளையும் தலையணை உறைகளையும் தைக்கிறேன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. மனு எழுதுவதும் கோப்பு சேர்ப்பதும் நானே பார்த்துப் பழகியவை. இருவருக்கும் திருமணமாகவில்லை. நான்காம் மாடியில், ஒன்றரை அறையில் இருக்கிறோம்.

பத்து ஆண்டுகளுக்கு முன், மூடப்பட்ட ஒரு கேளிக்கை அரங்கின் லிஃப்ட்டைக் கழற்றப் போனவன், அதன் அடிக்குழியில் துருவேறிக் கிடந்த ஒற்றைச் சக்கர சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்தான். நான் வாசலிலேயே மறித்தேன்.

“மீதி எங்கடா?”

“இதான்க்கா முழுசு.”

“கைப்பிடி?”

“கிடையாது.”

“பிரேக்கு?”

“அதுவும் கிடையாது.”

“அப்ப உனக்கு மூளையும் கிடையாது.”

சிரித்துக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டு உள்ளே கொண்டுபோனான். மறுநாள் என் டிபன் டப்பாவில் வினிகர் ஊற்றி நட்டுகளை ஊறப்போட்டிருந்தான். அந்த டப்பாவை நான் பிறகு எடுக்கவேயில்லை.

நம் கட்டடத்து நடைவழி குறுகலானது. கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படும். அங்கேதான் பழகினான். வேலைக்குப் போகுமுன் அரை மணி, வந்தபின் அரை மணி. பதினேழாம் நாள் சுவரைத் தொடாமல் பத்துச் சுற்று மிதித்தான். அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: பழைய இரும்புக் கடையில் ஒன்று, செய்தித்தாள் விளம்பரத்தில் இரண்டு, வித்தைக் குழுவைக் கலைத்துவிட்ட கிழவர் ஒருவரிடம் மூன்று. வளைந்த ரிம்மை நிமிர்த்துவான், முப்பத்தாறு ஸ்போக் கம்பிகளையும் விரலால் சுண்டி, ஓசை ஒத்துவரும் வரை திருகுவான், பேரிங் மாற்றுவான். கிழிந்த இருக்கைகளுக்கு ரெக்ஸின் உறை தைத்தது நான். ஓட்டத் தெரிந்ததைவிடச் சரிசெய்யத் தெரிந்ததில்தான் அவனுக்குப் பெருமை. கீழே வாகன நிறுத்தத்தில் ஓட்டும்போது, “மீதி வண்டிய எங்கப்பா விட்ட?” என்று யாராவது கேட்பீர்கள். “அக்கா வச்சிருக்கா” என்பான். கோபித்து நான் பார்த்ததில்லை.

எட்டாவது வண்டிதான் இந்த வழக்கின் பொருள். ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் போய் வாங்கிவந்தான். அதைத் தோளில் மாட்டி ஏறியபோது நடத்துநர், “இன்னொரு சக்கரம் எங்கயாவது விழுந்துருச்சா? வண்டிய நிறுத்தட்டுமா?” என்று கேட்டாராம். அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நான்கு மாதம் அதோடு மல்லுக்கட்டி, 10.02.2023 அன்று முடித்தான். அன்று காலை புகைப்படம் எடுத்தான். மாலையில் உயரம் சரியில்லை என்று இருக்கையைக் கழற்றிக் கம்பியை ஒரு விரற்கடை இறக்கி மாட்டினான். மறுநாள் ஓட்டலாம் என்று வாகன நிறுத்தத்தில் பூட்டி வைத்தான்.

மறுநாள் அது அங்கே இல்லை. ‘பயன்படாத, முழுமையற்ற சைக்கிள்கள் அகற்றப்படும்’ என்ற உங்கள் அறிவிப்பின்படி எடுத்துப்போய்விட்டிருந்தார்கள். வைப்பறைப் பதிவேட்டில் எழுதியிருந்தது இது: ‘வரிசை எண் 7. சைக்கிள், பாதி. ஒரு சக்கரம் இல்லை. மேல் அடுக்கு.’

இருவரும் அலுவலகத்துக்குப் போனோம்.

“ஒரு சக்கரம் குறையுதேப்பா” என்றார் செயலாளர்.

“குறையல சார். அது அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னா? மூணு கால் நாற்காலிய கொண்டாந்து அவ்வளவுதான்னு சொல்லுவியா?”

“மூணு கால்ல ஸ்டூல் இருக்கு சார்.”

“வாய் நல்லா வேலை செய்யுது. எழுதிக் குடு, கமிட்டில வைக்கிறேன்.”

எழுதிக் கொடுத்தோம். நாற்பத்தொரு நாள் கழித்து, மார்ச் 24 அன்று, வண்டியைத் திருப்பித் தந்தீர்கள். தம்பி வேலைக்குப் போயிருந்தான், வாங்கியவள் நான். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்டிருந்த தாளில் கையெழுத்தும் போட்டேன். ஆனால் போடுமுன் கேட்டேன். தம்பி என்னிடம் கேட்கச் சொல்லியிருந்தது அந்த ஒரு கேள்விதான்.

“சார், எதையாவது கழட்டினீங்களா?”

“எடுத்து வச்சோம், எடுத்துக் குடுக்கிறோம். யாரும் தொடல, போம்மா.”

இந்தப் பதிலை அப்படியே தம்பியிடம் சொன்னேன். அவன் காற்றைப் பார்த்தான், அச்சு நட்டைப் பார்த்தான். மற்றதைப் பார்க்கவில்லை. யாரும் தொடாததை ஏன் பார்க்க வேண்டும்? என் பேச்சை நம்பினான். அதில் எனக்குள்ள பங்கை நான் மறைக்கவில்லை.

இங்கே ஒரு விவரம் தெரியவேண்டும். ஒற்றைச் சக்கர சைக்கிளுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று தனியே கிடையாது. சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலிருக்கும். இருக்கையின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுவே முன்பக்கம். ஆனால் பெடல்களுக்கு இடம் வலம் உண்டு. இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். அதனால் முன்னோக்கி மிதிக்க மிதிக்க இரண்டும் இறுகும். இருக்கையைக் கழற்றி மூக்கைத் திருப்பி மாட்டினால் இடது வலதாகிவிடும். பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. உட்கார்ந்தாலும் தெரியாது. மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் பெடல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கும்.

ஏப்ரல் 2, காலை ஏழு மணி. வாகன நிறுத்தத்தின் சரிவுப் பாதையில் இறங்கும்போது ஒரு பெடல் பிடுங்கிக்கொண்டு போனது. தம்பி கையை ஊன்றி விழுந்தான். இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. நெற்றியில் ஒன்பது தையல். செயலாளர் தம் அறிக்கைக்காக வண்டியைப் படம் எடுத்தார். ஏழு நாளில் ‘ஆபத்தான பொருள்’ என்று அதைக் கழிவு வண்டியில் ஏற்றியும் விட்டார்.

மணிக்கட்டு ஐந்து மாதத்தில் கூடிவிட்டது. 63ஆம் பக்கம் கூடவில்லை. தம்பி அதன் நகலைப் படித்த நாளிலிருந்து கேஸ் அடுப்பின் குமிழை ஆறு முறை திருகிப் பார்க்கிறான். வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் ஒரே ஒரு திருகாணியின் முன் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறான். லிஃப்ட்டை ஓட்டிக் காட்டச் சொன்னபோது, “இதுல ஆளுங்க போவாங்க சார், நான் மாட்டினதுல விடாதீங்க” என்றானாம். நிறுவனம் அவனை மேசைக்கு மாற்றியது. இப்போது புகார்த் தொலைபேசி எடுக்கிறான். மற்ற ஏழு வண்டிகளையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.

அவன் கையில் கட்டு இருந்த ஜூன் மாதத்திலேயே, அவன் எடுத்த படத்தையும் அறிக்கை நகலில் இருந்த செயலாளரின் படத்தையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெடலைத் தாங்கும் கிராங்கில் பொறித்திருந்த எழுத்து தேய்ந்துபோனதால், இடது பக்கத்துக்கு அடையாளமாக என் நகப்பூச்சில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தான். அவன் எடுத்த படத்தில் புள்ளி இருக்கைக்கு இடப்பக்கம் இருக்கிறது. செயலாளரின் படத்தில் வலப்பக்கம். ஓடிப்போய்க் காட்டினேன்.

“போட்டோக்கா அது. கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டும்.”

“பின்னாடி சுவத்துல எழுதியிருக்கு பாரு. எழுத்து நேராத்தான இருக்கு?”

வெகுநேரம் பார்த்தான். பிறகு சொன்னான்:

“சரி, திரும்பித்தான் இருக்கு. திருப்பினது நான்.”

“நீ ஏன்டா திருப்புற?”

“சாயங்காலம் சீட்ட கழட்டினேன்ல. கழட்டினது ஞாபகம் இருக்கு. எப்படி மாட்டினேன்னு ஞாபகம் இல்ல. அவங்க யாரும் தொடலைன்னு நீதான சொன்ன? அப்ப வேற யாரு?”

“நான் சொன்னது அந்த ஆள் சொன்னது.”

“எனக்காகக் கதை கட்டாதக்கா. விட்டுடு.”

நான் விடவில்லை. உறுப்பினர் என்ற முறையில் விண்ணப்பித்து, ஜூலை 10 அன்று வைப்பறையைப் பார்வையிட்டேன். மேல் அடுக்கு என்பது கதவு போட்ட இரும்புத் தடுப்புகள். என் தையல் நாடாவால் அளந்தேன்: அகலம், உயரம், ஆழம் மூன்றும் எழுபது சென்டிமீட்டர். அதே அளவுள்ள இன்னொரு வண்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துப்போயிருந்தேன். இருக்கையோடு அது தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். நிமிர்த்திப் பார்த்தேன், படுக்கவைத்தேன், சாய்த்தேன், கதவு சாத்தவில்லை. இருக்கையைக் கழற்றினேன். அறுபத்தேழு. உள்ளே போனது, கதவு சாத்தியது. இதை உங்கள் பொருளாளர் நின்று பார்த்தார். அளவுத் தாளில் கையெழுத்தும் இட்டார்.

ஆக, யாரும் தொடவில்லை என்பது பொய். இருக்கையைக் கழற்றாமல் வரிசை எண் ஏழு மேல் அடுக்கில் இருந்திருக்கவே முடியாது. கழற்றியவர் மறுபடி மாட்டியும் இருக்கிறார். பாதி சைக்கிள் என்று நினைத்தவருக்கு அதன் முன்பக்கம் எது என்று எப்படித் தெரியும்? அவரை நான் குறை சொல்லவில்லை. வைப்பறையில் பொருட்களை எடுத்து வைக்கும் பராமரிப்பு ஊழியரைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன்.

“செயலாளர் சார் சொல்லச் சொன்னா சொல்றேன் மேடம்.”

“தொட்டியா இல்லையான்னு மட்டும் சொல்லுப்பா.”

“எனக்குப் பிள்ளைங்க இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தம்பியிடம் அளவுத் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். “கழட்டியிருக்காங்க. சரி. நான் திருப்பி வச்சத அவங்க பாத்து அதே மாதிரி மாட்டியிருந்தா?” என்றான். என் கோப்பில் நூற்றுப் பதினான்கு தாள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் இதற்குப் பதில் சொல்லாது. பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள்.

போன வாரம் நான் வேலைமுடிந்து வந்தபோது, அவன் தன் ஸ்பேனர் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதற்காக வாசலில் எடுத்து வைத்திருந்தான். நான் உள்ளே தூக்கி வைத்தேன். மறுநாள் அது மறுபடியும் வாசலில் இருந்தது.

எனக்கு இழப்பீடு வேண்டாம். மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். பிப்ரவரி 11க்கும் மார்ச் 24க்கும் இடையில் அந்த இருக்கையைக் கழற்றியது யார், திருப்பி மாட்டும்போது எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று எதைக்கொண்டு முடிவு செய்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும். ‘பார்க்காமல் மாட்டினேன்’ என்பதே உண்மையானால் அதையே எழுதுங்கள். ‘இருந்தபடியே மாட்டினேன்’ என்பது உண்மையானாலும் எழுதுங்கள். அதையும் அவனிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பும் எதையும் நான் இனி என் தம்பியிடம் கொண்டுபோக மாட்டேன். இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், தேதியும் கையொப்பமும் சங்க முத்திரையும் இட்டு, எழுத்துமூலமாகப் பதில் தரவேண்டும்.